ஒரு வாரம் செக்கிங் வாரண்டி

உலகத்திலேயே முட்டாள்தனமான பர்சேஸ் செய்தவன் நான்தான். ஆள் முகத்தை எடுப்பதற்கென்றே பெயர்போன ஒரு லென்ஸை வாங்கினேன். எடுக்க ஒரு முகம்கூடக் கைவசம் இல்லை என்பது, வாங்கி வெளியே வந்து மேற்குத் தாம்பரம் வெயிலில் நின்றபோதுதான் உறைத்தது.

பழைய கேமரா சாமான் விற்கிற கடை அது. மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில், ஓர் ஆள் அகலம். கடைக்கார அண்ணா லென்ஸுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பூசணம் இல்லை, கீறல் இல்லை. ஐம்பது எம்.எம்., எஃப் 1.4. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் ஜூம் கிடையாது. பெரிதாக வேண்டுமா, கிட்டப் போ. சின்னதாக வேண்டுமா, தள்ளிப் போ. காலுக்கு வேலை கொடுப்பதற்குப் பதிலாக அது வாயை 1.4 வரைக்கும் அகலத் திறந்து வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். அப்படித் திறந்து வைத்து எடுத்தால் ஃபோகஸ் விழுந்த இடம் மட்டும் பிளேடு மாதிரி நிற்கும். முன்னும் பின்னும் எல்லாம் வெண்ணெயாக உருகிவிடும்.

"ஒரு வாரம் செக்கிங் வாரண்டி தம்பி," என்றார். "எல்லா லைட்லயும் போட்டுப் பாரு. புடிக்கலியா, வர்ற சண்டே எடுத்துனு வந்து குடு. ஒரு கேள்வி கேக்க மாட்டேன். ஆனா ஒரு மணிக்கு ஷட்டர் எறக்கிடுவேன். ஒண்ணு அஞ்சுக்கு வந்து அண்ணா அண்ணான்னு தட்டுனா, நான் உள்ளயே இருந்தாலும் இல்லன்னு அர்த்தம்."

எனக்குச் சொந்த ஊர் போடி. அங்கிருந்து பார்த்தால் தாம்பரம் வெளிநாடுதான். விசா கேட்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். காட்டாங்குளத்தூரில் நான்கு வருடம் ஹாஸ்டல், இப்போது ஒன்றரை வருடமாக நாவலூரில் வேலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் தனி ரூம். காலேஜில் நாங்கள் ஆறு பேர். ஒவ்வொருத்தனாக பெங்களூர், புனே என்று கிளம்பி, கடைசியாக ஆறு மாதம் முன்னால் சஞ்சய் டப்ளின் போய்விட்டான். கேமரா காலேஜ் காலத்தில் வாங்கியது. அதற்கேற்ற லென்ஸ் வாங்குவதற்குள் ஆட்கள் தீர்ந்துபோனார்கள்.

ரூமுக்கு வந்து முதல் போட்டோ எடுத்தேன். என் கதவுக்கு நேர் எதிரே இன்னொரு கதவு. அதன் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. நீல ரப்பர் செருப்பின் வாரில் ஒட்டியிருந்த மணல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்களின் செருப்பு சைஸ் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. மாடிப்படியில் எதிரே வந்தால் இரண்டு தரப்பும் போனைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கிவிடுவோம்.

போட்டோவை சஞ்சய்க்கு அனுப்பினேன்.

"செருப்பு செம ஷார்ப்பு மச்சான்," என்று வந்தது. "ஆளு எங்க?"

"ஆளு வரும்டா, வெய்ட் பண்ணு."

"போர்ட்ரெய்ட் லென்ஸ வாங்கிட்டு செருப்ப எடுக்குற பாத்தியா. சரி, ரூல் சொல்றேன். சண்டேக்குள்ள ஒரே ஒரு ஆளு. நேரா லென்ஸப் பாக்கணும். நீ வாயத் தொறந்து கேட்டு எடுத்திருக்கணும். திருட்டுத்தனமா எடுத்தா செல்லாது. முடியலன்னா லென்ஸ ரிட்டர்ன் பண்ணிடு, அது உனக்கு வேஸ்ட்டு."

"ஒரு ஆளா? பத்து ஆள எடுத்து உன் மூஞ்சில அடிக்கிறேன் பாரு."

கீபோர்டில் நான் சிங்கம். நேரில் ஹோட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூட நாக்கு வராது. இது அவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். வேங்கைவாசல் தாண்டியதும் ஆட்டோ இருமி இருமி நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "ஒரு கை வெச்சீங்கன்னா கெளம்பிடும்," என்றார். ஏழு பேர் இறங்கித் தள்ளினோம். ஏழு பேரும் தார் ரோட்டையே பார்த்துக்கொண்டு தள்ளினோம். வண்டி கிளம்பியது, ஏறினோம், ஏழு பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டோம். போடியில் ஒரு வண்டியைச் சேர்ந்து தள்ளினால் அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்துவிடும்.

நாவலூரில் ஆபீஸ் கேட்டிலேயே பையைத் திறக்கச் சொன்னார் செக்யூரிட்டி. எங்கள் ஆபீஸுக்குள் கேமரா போகக்கூடாது. போன் கேமராவுக்கே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். என் கேமராவை ஒரு கவரில் போட்டு, டேப் சுற்றி, டோக்கன் கொடுத்தார். சாயங்காலம் திரும்ப வாங்கும்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "அண்ணா, உங்கள ஒரு போட்டோ..." என்றேன்.

"யூனிஃபார்ம்ல இருக்கேன் சார். ஆபீசர் பாத்தார்னா என் கத முடிஞ்சிது."

"யூனிஃபார்ம் இல்லாம எப்ப இருப்பீங்க?"

"தூங்கறப்ப," என்றார்.

செவ்வாய்க்கிழமை இருட்டத் தொடங்கும் நேரத்தில் மேடவாக்கம் கூட்டு ரோட்டில் இறங்கினேன். வேண்டுமென்றே ஃபோகஸைத் தவறவிட்டு டிராஃபிக்கை எடுத்தேன். பஸ், லாரி, பைக் எல்லாம் காணாமல் போய், சிவப்பும் மஞ்சளுமாக வட்ட வட்டமான வெளிச்சக் குமிழிகள் மட்டும். ஒரு கல்யாண மண்டபத்தைக் காற்றில் பறக்கவிட்ட மாதிரி. மேடவாக்கம் டிராஃபிக்கை அழகாகப் பார்க்க ஒரே வழி, அதைத் தெளிவாகப் பார்க்காமல் இருப்பது.

பக்கத்தில் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி. கடைக்காரர் முகத்தில் அடுப்பு வெளிச்சம் கீழிருந்து அடித்தது. இந்த லென்ஸ் பிறந்ததே அந்த முகத்துக்காகத்தான். இரண்டு பஜ்ஜி முடியும்வரை ஒத்திகை பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றேன்.

"யூடியூபா?"

"இல்லண்ணா, சும்மா."

"சும்மா எவன்யா எடுப்பான்? போன மாசம் ஒருத்தன் சும்மான்னுதான் எடுத்துனு போனான். மறுநா அம்பது பேரு வந்து நிக்கறான், அந்த வீடியோல வந்த சட்னி குடுன்றான். நான் ஒத்த ஆளு. நீ பஜ்ஜி துண்ணு, படம்லாம் வாணாம்."

மூன்றாவது பஜ்ஜி வாங்கித் தின்றேன். அந்த வார்த்தை என்னவோ சிக்கிக்கொண்டது. நான் ஒத்த ஆளு.

புதன்கிழமை லீவ் போட்டுவிட்டுப் பழைய காலேஜ் பக்கம் போகலாம் என்று தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். காலேஜுக்குப் பொத்தேரியில் இறங்க வேண்டும். நான்கு வருடம் போய்வந்த திமிரில் போர்டைப் பார்க்கவில்லை. அந்த வண்டி கூடுவாஞ்சேரியோடு சரி. பெட்டி காலியாவதைக்கூடக் கவனிக்காமல் ஜன்னல் கம்பியை ஃபோகஸ் செய்துகொண்டிருந்தேன். கூட்டுகிற அக்கா துடைப்பத்தால் என் ஷூவைத் தட்டி, "எறங்குப்பா, வண்டி இதுக்கு மேல போவாது," என்றார். வெயிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு ஸ்டேஷன் முன்னால்.

காலேஜ் கேட்டில் ஐடி கார்டு கேட்டார்கள். பழைய மாணவன் என்றேன். யாரைப் பார்க்க வேண்டும், பெயர் சொல்லுங்கள், உள்ளே போன் போட்டுக் கேட்கிறோம் என்றார்கள். எனக்குச் சொல்ல ஒரு பெயரும் வரவில்லை. வெளியே டீக்கடைக்குப் போனேன். நான்கு வருடம் காலையும் மாலையும் டீ குடித்த கடை. கடைக்காரர் என்னைப் பார்த்து, "சார், சக்கர போடலாமா?" என்று கேட்டார். அந்த சாருக்கு டீயே இறங்கவில்லை.

அங்கே ஒரு ஜூனியர் கும்பல், பையனும் பெண்ணுமாக ஐந்து பேர். கேமராவைப் பார்த்ததும் அவர்களே வந்தார்கள். "அண்ணா, எங்கள ஒண்ணு எடுங்களேன். இன்ஸ்டாக்கு."

பைக்கின் மேலும் பின்னுமாக நின்றார்கள். 1.4-இல் வைத்து அடித்தேன். காட்டியதும் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யய்யோ, இதுல நான் மட்டும்தான் இருக்கேன். மத்தவங்கலாம் ஆவி."

"செல்போன்ல அஞ்சு பேரும் விழறோம்," என்றான் ஒருவன். "இவ்ளோ பெரிய கேமராவ வெச்சிக்கிட்டு ஒரு ஆளுதானாண்ணா?"

"அதுதான்டா இதோட ஸ்பெஷல். ஒருத்தர மட்டும் தனியா நிறுத்தும்," என்று கெத்தாகச் சொன்னேன்.

வாயை 1.4-லிருந்து எட்டுக்கு மூடினால் ஐந்து பேரும் தெளிவாக விழுவார்கள். தெரியும். ஆனால் மூடி எடுப்பதற்கு இந்த லென்ஸ் எதற்கு? எட்டில் எடுத்தால் எந்த ஓட்டை லென்ஸும் ஒன்றுதான். சிங்கத்தை வாங்கிவிட்டு அதற்குத் தயிர்சாதமா போடுவார்கள்?

இது செல்லாது என்று சஞ்சய் சொல்லிவிட்டான். நான் கேட்கவில்லையாம், அவர்கள் கேட்டார்களாம். நியாயம்தான்.

வியாழன் மழை, எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். என்னைக் கடந்து எத்தனை முகங்கள் போயின என்று தெரியாது. ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் யாரிடமோ போய்ச் சேருகிற வேகத்தில் இருந்தார்கள். ரூமுக்கு வந்து லென்ஸைத் துடைத்து அதன் டப்பாவில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கொடுத்துவிடலாம்.

ஆனாலும் சனிக்கிழமை விடியற்காலையிலேயே விழித்துவிட்டேன். கடைசியாக ஒரு நாள் என்று, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனேன். மீன் இறங்கும் நேரம். மணலில் படகுகள், வலை, காக்கை, ஐஸ் பெட்டி, கூச்சல். போடிக்காரனுக்குக் கடல் இன்னும் பழகவில்லை. எங்கள் ஊரில் எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலை வந்து பார்வையை நிறுத்திவைக்கும். இங்கே பார்வை போனது போனதுதான்.

ஒரு தார்ப்பாயில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு நாற்பது சொச்சம், இன்னொருவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இளையவர் விலை சொல்லி முடிப்பதற்குள் மூத்தவர் மீனை எடுத்து அரிவாள்மனையில் வைத்துவிடுவார். மூத்தவர் பணத்தை நீட்டும்போதே இளையவர் சில்லறையை எடுத்திருப்பார். பேச்சே இல்லை. நாலு கை உள்ள ஓர் ஆள் மாதிரி.

பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இளையவர் தலையைத் தூக்கினார்.

"யோவ் கேமரா! இன்னா உத்து உத்து பாத்துகினு கீற? மீன் வாங்கறதுன்னா வா. இல்லாட்டி நவுரு, வெளிச்சத்த மறைக்காத."

நகரத்தான் போனேன். வாய் மட்டும் தனியாக, "அக்கா, உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றது.

"எதுக்கு?"

சும்மா என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். "லென்ஸ் புதுசு. எடுக்க ஆள் இல்ல."

அவர் மூத்தவரைப் பார்த்துச் சிரித்தார். "எடுக்க ஆளு இல்லியாம், கேட்டியாக்கா? சரி எடு. ஆனா என்ன மட்டும் எடுக்காத. இதையும் சேத்து எடு. நாளைலேர்ந்து இது வராது."

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. இளையவர் பெயர் கன்னியம்மா, மூத்தவர் தேசம்மா. தேசம்மாவின் மகன் கம்பெனி கார் ஓட்டுகிறார். சித்தாலப்பாக்கத்தில் அபார்ட்மென்ட் வாடகைக்கு எடுத்திருக்கிறார். இன்று மதியம் சாமான் ஏற்றுகிறார்கள். இனி அம்மா மீன் விற்க வேண்டாம், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டாராம்.

"பதினாறு வருசமா பக்கத்துல பக்கத்துல குந்திகினு கீறோம்," என்றார் கன்னியம்மா. "ரெண்டு பேரும் சேந்தாப்புல ஒரு போட்டோ கெடியாது. இவ மூஞ்சிய தினம் பாக்கறோமே, போட்டோ எதுக்குன்னு வுட்டுட்டேன்."

கன்னியம்மா முன்னால் உட்கார்ந்தார். தேசம்மா பின்னால் முட்டி போட்டு, அவர் தோளில் கை வைத்துக்கொண்டார். கையில் செதில் மின்னியது. இருவரும் நேராக லென்ஸைப் பார்த்தார்கள். 1.4. எட்டு போட்டோ அடித்தேன். கேமராவின் பின்னால் உள்ள குட்டித் திரையில் அற்புதமாக இருந்தது. கடல் பால் மாதிரி உருகிப் பின்னால் நின்றது.

"சாய்ந்தரம் வாட்ஸ்அப்ல அனுப்பறேன் அக்கா," என்று நம்பர் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸிலிருந்தே சஞ்சய்க்கு, "ரெண்டு ஆளுடா. தோத்துட்ட," என்று தட்டினேன். லென்ஸைக் கொடுக்கப் போவதில்லை. அன்று மதியம் ராஜகீழ்ப்பாக்கம் மெஸ்ஸில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கன்னியம்மாவின் இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. அவர் தோளில் இருந்த கை பாதிக்கு மேல் உருகியிருந்தது. கைக்குரியவரின் முகம் முழுக்க வெண்ணெய். எட்டு போட்டோவும் அப்படியே. கண் எங்கே, வாய் எங்கே என்று தேசம்மாவைத் தெரிந்தவர்களால் மட்டும்தான் சொல்ல முடியும். போகப்போகிறவரைத் துல்லியமாக அழித்திருந்தேன். ஒருத்தர மட்டும் தனியா நிறுத்தும் என்று புதன்கிழமை பெருமையடித்தேன் அல்லவா, அதே வேலையை அது ஒழுங்காகச் செய்திருந்தது.

ஏஐ ஆப் ஒன்றில் போட்டேன். மங்கின முகத்தைத் தெளிவாக்கித் தரும் என்று விளம்பரம். ஐந்து நொடியில் தந்தது. வழவழவென்ற கன்னம், வரிசைப் பல், மூக்குத்தி இல்லை. யாரோ ஒரு பேங்க் மேனேஜர் கன்னியம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார்.

"அதையே அனுப்பிட்டு வுடுடா," என்றான் சஞ்சய். "சின்ன போன்ல தெரியவா போவுது?"

அனுப்பும் பட்டன்மேல் விரல் இருந்தபோது கன்னியம்மாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் ஏதோ டிவி சத்தம். "தம்பி, போட்டோ இன்னும் வரலியே. ஒண்ணும் அவசரம் இல்ல. அக்கா மூணு மணிக்கே பூட்ச்சு. வூட்ல சும்மா குந்திகினு கீறேன், அதான் கேட்டேன்."

மேனேஜரை அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் கோவளத்தில் இருந்தேன். அதே தார்ப்பாய். பாதி காலி. கன்னியம்மாவே விலை சொல்லி, அவரே அரிந்து, அவரே சில்லறை தேடிக்கொண்டிருந்தார். ஆட்கள் பொறுமையில்லாமல் நின்றார்கள். கூட்டம் குறைந்ததும் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "நான் நல்லா கீறேன்," என்றார். பிறகு, "இவ இதுல இல்லியே?"

"என் தப்பு அக்கா. லென்ஸ தொறந்து வெச்சு எடுத்துட்டேன். ஒருத்தர்தான் தெரியும்."

"தெரிஞ்சே எடுத்தியா?"

லேப்டாப்பை மெல்ல மூடினேன்.

"படிச்ச புள்ளன்ற. ரெண்டு பேரு எதுர்ல நிக்கறோம், ஒருத்தர் தெரியற கண்ணாடிய மாட்டிகினு வந்து கீற," என்றார். திட்டுகிற குரல் அல்ல. அது இன்னும் மோசமாக இருந்தது. தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கினார். மீந்த மீனைக் கூடையில் அள்ளினார். "எந்திரி. சித்தாலப்பாக்கம் எங்க கீது, உனக்குத் தெரியுமா? தெரியும்ல. நட."

பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, மீன் கூடைய ஏத்தாத, ஆளுங்க கத்துவாங்க."

"ஆளுங்க மதியானம் இன்னா துண்ணப் போறாங்க? வஞ்சரம்தான? அப்ப வாசன வராதா?"

ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், கூடை ஏறிவிட்டது. சோழிங்கநல்லூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. கூடை என் மடியில். கேமராப் பை கன்னியம்மாவின் மடியில். "இத்தத் தூக்கிகினு ஒரு வாரமா ஒண்டியா சுத்தறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "லூசு," என்றார்.

மணி பதினொன்றரை. ஒரு மணிக்குத் தாம்பரத்தில் லென்ஸ் கடை மூடும். கூடையை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

நான்காவது மாடி. லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்று கன்னியம்மா படி ஏறினார். கதவைத் திறந்த தேசம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாடி, நேத்துதான வந்தேன்?" என்றார். ஆனால் கன்னியம்மாவின் முழங்கையைப் பிடித்த கை அப்புறம் விடவேயில்லை.

மகனும் மருமகளும் டியூப்லைட் வாங்கப் போயிருந்தார்கள். உள்ளே மூட்டை, கட்டில் சட்டம், அட்டைப்பெட்டி. நிற்க இடமில்லை, வெளிச்சமும் இல்லை. கீழே போகலாம் என்றால் குழந்தை உள்ளே தூங்குகிறது. வாசல்படிதான் சரி. நடைவழி ஜன்னலிலிருந்து வெளிச்சம் நன்றாக விழுந்தது. இருவரையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். லென்ஸின் வாயை எட்டுக்கு மூடினேன். சிங்கத்துக்குத் தயிர்சாதம்.

கண்ணை வைத்தால் ஒரு காதும் இன்னொரு காதும்தான் தெரிந்தது. நடைவழி நாலடி அகலம். இந்த லென்ஸுக்கு இரண்டு பேர் முழுசாக விழப் பத்தடியாவது வேண்டும். பின்னால் நகர்ந்தேன். முதுகு எதிர் வீட்டுக் கதவில் இடித்தது.

"இங்க யாரும் கதவத் தொறக்கறதே இல்ல தம்பி," என்றார் தேசம்மா. "நேத்து சாய்ந்தரத்துலேர்ந்து பாக்கறேன். எங்க ஊர்ல பகல்ல கதவ சாத்துனா, இன்னா வூட்ல சண்டையான்னு வந்து கேப்பாங்க."

ஜூம் இருந்திருந்தால் ஒரு திருகு. முடிந்திருக்கும். இதில் பின்னால் போவது ஒன்றுதான் வழி. பின்னால் இருப்பது ஒரு கதவு.

பெல் அடித்தேன். குருவி கத்தியது. பாதி முகம் ஷேவிங் நுரையோடு ஒருவர் திறந்தார்.

"மெயின்டனன்ஸா?"

"இல்ல சார். உங்க ஹால்ல கொஞ்சம் நின்னுக்கலாமா?"

"நின்னுக்கவா?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்: "யாருங்க?"

"யாரோ ஒரு பையன். நம்ம ஹால்ல நிக்கணுமாம்."

"எதுக்காம்?"

"நிக்கத்தானாம்."

கேமராவைக் காட்டினேன், எதிர் வாசலைக் காட்டினேன், பத்தடி கணக்கைச் சொன்னேன். உளறலாகத்தான் சொன்னேன். அவர் நுரையோடு ஒதுங்கி வழிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுக்குள் பின்பக்கமாகவே நடந்தேன். டீப்பாய் காலில் இடித்தது. "இன்னும் போவணும்னா ஃப்ரிட்ஜ் வரைக்கும் போங்க," என்றார் அவர். ஃப்ரிட்ஜில் முதுகு ஒட்டியபோது, இரண்டு வாசல்களுக்கு அப்பால், கன்னியம்மாவும் தேசம்மாவும் முழுசாக வந்து நின்றார்கள். தேசம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். கன்னியம்மா அவரை இடுப்பில் இடித்தார். இருவரும் நேராக லென்ஸைப் பார்த்தார்கள். ஒரே ஒரு போட்டோ எடுத்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு கண்ணும் இருந்தன. மூக்குத்தி இருந்தது. செல்போனில் எடுத்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கும்.

அதற்குள் அந்த வீட்டம்மா வெளியே வந்திருந்தார். "நேத்து சாமான் ஏத்தறப்பவே பாத்தேங்க. வந்து கேக்கலாமா, தொந்தரவா இருக்குமோன்னு விட்டுட்டேன்," என்று தேசம்மாவிடம் சொன்னார். கண் கூடைக்குப் போனது. "சங்கராவா? ஃப்ரெஷ்ஷா?"

"காலைல புடிச்சது. வேணும்னா சொல்லு, ஒவ்வொரு ஞாயித்திக்கெழமையும் எடுத்தாறேன்," என்றார் கன்னியம்மா, தேசம்மாவைப் பார்க்காமல். "கீழ வாட்ச்மேன்தான் மொறைக்கறான்."

"வாட்ச்மேன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

தேசம்மா உள்ளே போய் அரிவாள்மனையைத் தேடத் தொடங்கினார். எந்த மூட்டையில் கட்டினோம் என்று மறந்துவிட்டதாம். கன்னியம்மா ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்தார். எதிர் வீட்டம்மா கொடுத்த காபியை நான் குடித்து முடித்தபோது மணி ஒன்று இருபது. தாம்பரத்தில் ஷட்டர் இறங்கியிருக்கும்.

கிளம்பும்போது கன்னியம்மா ஒரு கவரில் மூன்று சங்கராவைப் போட்டுத் திணித்தார். "கழுவி அரிஞ்சித் தர மனையக் காணம். வூட்ல யார்னா அரிஞ்சித் தருவாங்கல்ல?"

தருவாங்க என்றேன்.

ஷேர் ஆட்டோவிலிருந்து போட்டோவை அவருக்கு அனுப்பினேன். சஞ்சய்க்கும்.

"ஏ, ரெண்டு பேரும் சூப்பர்டா," என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "ரெண்டு பக்கமும் என்னமோ கதவு தெரியுது. நீ எங்க நின்னு எடுத்த?"

"எதிர் வீட்டு ஃப்ரிட்ஜ்ல சாஞ்சு."

"நீயா? கதவத் தட்டியா?"

போனைப் பாக்கெட்டில் போட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஏறிவிட்டிருந்தேன். என் ரூமில் உள்ள ஆயுதங்கள் ஒரு ஸ்பூன், ஒரு கத்தரிக்கோல். கவர் அடியில் ஐஸ் உருகிச் சொட்டியது. எதிர் வீட்டு வாசலில் அதே இரண்டு ஜோடி செருப்பு. இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

தட்டினேன். ஒரு அக்கா திறந்தார். முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தேன்.

"அக்கா, நான் எதிர் ரூம்," என்றேன். "உங்ககிட்ட அரிவாள்மனை இருக்கா?"